ஒரு ராம்ப்பை உடைக்க எவ்வளவு ஆகும்

சென்ற வருடம் புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். வானம் மூடியிருந்தது. காற்று அசையவில்லை. பனியன் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் புழுக்கம். பெரிய மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என் வீட்டு வாசலில் ஒரு விசில் சத்தம் கேட்டது.

ஒரு விசில் என்றால் வெளியே வா. இரண்டு என்றால் வாயை மூடு. மூன்று என்றால் டீ வந்துவிட்டது. எங்கள் குழுவின் தலைவி மரகதம் டீச்சர் அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வழியனுப்பு விழாவில் கொடுத்த குத்துவிளக்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். விசிலை மட்டும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஓவர்சியர் சார், சபீனா வீட்டுக் கேட்டுல போர்டு தொங்குது, பாத்தீங்களா?"

"என்ன போர்டு டீச்சர்?"

"வீடு விற்பனைக்குன்னு. குடி வந்து முழுசா ஒரு வருசம் ஆகல. நம்ம கமிட்டி இருக்கைல ஒரு வீடு விலைக்கு வருதுன்னா, நாம எதுக்கு இருக்கோம்?"

அந்தப் போர்டு கீழே இறங்கிய கதையைத்தான் எழுதுகிறேன். எழுத வைத்தவர் எங்கள் குழுவின் புதிய செயலாளர் தம்பி கார்த்திக். மாடியில் உட்கார்ந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர். இந்த வருடம் குழுவில் ஆறு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காக எங்கள் வேலை முறைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதில் ஒரு கட்டம்: "ஒரு புதுவீட்டுக்காரருக்கு உதவத் தன்னார்வலருக்கு ஆகும் செலவு, ரூபாயில்." என்னிடம் வந்து, "ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க சார், போதும்" என்றார். நம்பரைச் சொல்லிவிடலாம். ஆனால் எப்படி வந்தது என்று தெரியாத எந்தத் தொகைக்கும் நான் பணியில் இருந்தவரை கையெழுத்துப் போட்டதில்லை.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் ஓவர்சியராக இருந்தேன். பயிற்சி ஒரு வருடம். அதில் கற்றது, சிமென்ட் மூட்டையை எண்ணி வாங்கு, எண்ணிப் பிரி, காலிச் சாக்கையும் எண்ணு. மற்றதெல்லாம் இதன் விரிவுதான். அரசுத் தொகுப்பு வீடுகள், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர்கள், சிறுபாலங்கள் என்று குளத்தூர்ப் பக்கம் நான் எண்ணாத செங்கல் குறைவு. ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் எண்ண ஆரம்பித்தேன். ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி, ஒரு தேங்காய் எத்தனை நாள், குழாயை எத்தனை முறை திறந்தாள் என்று. இரண்டே மாதத்தில் என் மனைவி பார்வதி என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் மரகதம் டீச்சர் முன்னால் நிறுத்தினாள்.

"இவுகளச் சேத்துக்குங்க டீச்சர். சம்பளம் வேணாம். காலையில கூட்டிட்டுப் போயி சாயங்காலம் விட்டாப் போதும்."

எங்கள் நகரின் பெயரில் பூங்கா என்ற சொல் உண்டு, பூங்கா கிடையாது. கண்மாய்க்குக் கீழே கிடந்த புஞ்சையை மனை போட்டு விற்றார்கள். பதினான்கு வருடத்துக்கு முன் முதல் வீடு கட்டியவன் நான். இப்போது நாற்பத்தொரு வீடு. புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு மின் இணைப்பில் பெயர் மாற்ற, வீட்டு வரி போட, பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல, பக்கத்து வீட்டாரை அறிமுகம் செய்து வைக்க டீச்சர் ஆரம்பித்ததுதான் எங்கள் குழு. எல்லாப் புதுமனை புகுவிழாவிலும் நாங்கள் நிற்பதால் ஊரில் எங்களுக்குப் பால் காய்ச்சுற கமிட்டி என்று பெயர்.

டீச்சரின் முறைகள் கடுமையானவை. முதல் தடவை போகும்போது உட்காரக் கூடாது. இரண்டாம் தடவை உட்காரலாம், டீ குடிக்கக் கூடாது. மூன்றாம் தடவை டீ குடிக்காமல் வரக் கூடாது. முதல் ஒரு வருடம் அந்த வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது. மனு எழுதவே கூடாது. மனு போனால் வேலை நடக்கும், ஆனால் தெரு இரண்டாகிவிடும் என்பார். தப்புச் செய்தவரைத் திட்ட மாட்டார். "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்" என்பார். நகரை ஒரு முறை சுற்றி வரவேண்டும். எழுபது வயதில் நான் போன ரவுண்டுகளை எண்ணி வைத்திருக்கிறேன். இங்கே எழுதுவதாக இல்லை.

முதல் ரவுண்டு, சேர்ந்த முதல் வாரமே. ஒரு புதுவீட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டே வழக்கம்போல எண்ணினேன். கடைசிப் படியில் வாய்விட்டு, "பதினாலு" என்றேன். படி இரட்டைப்படையில் வரக் கூடாது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு எண்ணம். வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. கொத்தனார் சத்தியம் செய்தார். மறுபடி எண்ணினார்கள், பதினாலுதான். மறுநாளே கீழே அரைச் சாண் உயரத்தில் பதினைந்தாவது படி ஒன்றைக் கட்டினார்கள். இன்றுவரை அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் அதில் தடுக்கித்தான் உள்ளே போகிறார்கள்.

"மனசுக்குள்ள எண்ணுங்க சார்" என்றார் டீச்சர். "இப்ப ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

என்னால் குழுவுக்கு ஒரு நன்மையும் உண்டு. அது டியூப் லெவல். எங்கள் நகரில் புதிதாகக் கட்டுகிற ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட ஒரு வரிசைக் கல் கூடுதலாகப் பேஸ்மட்டம் தூக்குவார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் தன் பக்கம் வரக் கூடாதாம். இப்படியே போனால் நாற்பத்தோராவது வீட்டுக்குள் நுழையப் பதினான்கு அடி ஏற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கொடும்பாளூர் மூவர் கோயிலில்கூட அவ்வளவு ஏற வேண்டியதில்லை. அதற்குப் பிறகு யார் கடைக்கால் போட்டாலும் நானும் டீச்சரும் போவோம். உள்ளே தண்ணீர் தெரிகிற பிளாஸ்டிக் டியூப். குமிழி ஒன்றுகூட இல்லாமல் நிரப்பி, விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்வோம். ஒரு முனை தெருக்கோடிச் சிறுபாலத்தின் சுவரில் நான் போட்ட சிவப்புக் கோட்டில். மறுமுனை புது மனையின் முளைக்குச்சியில். விசில் ஊதியதும் இருவரும் ஒரே சமயத்தில் விரலை எடுக்க வேண்டும். தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் ஆடாமல் நிற்கும். அந்த இடத்திலிருந்து இரண்டரை அடி. அதற்கு மேல் ஒரு கல் கிடையாது.

இந்த டியூப் போகாத ஒரே வீடு சபீனாவின் வீடு. அது யாரோ கட்டி விற்ற வீடு.

சபீனா மணமேல்குடிப் பெண். கணவர் கத்தாரில் லாரி ஓட்டுகிறார். ஆறு வயதில் ஒரு மகள். சித்திரை வெயிலில் புரோக்கர் காட்டிய வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போய் வாங்கிவிட்டார்கள். மனை தெருவைவிட ஓர் அடி பள்ளம். தெருவில் தண்ணீர் ஓடினால் அந்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. நின்றால் உள்ளே வந்துவிடும். ஐப்பசிக் கடைசியில் குடிவந்தார்கள்; அந்தக் கார்த்திகையிலேயே இரண்டு முறை வந்தது. அதற்குப் பிறகு வெயில் காலத்திலும் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஆறு செங்கல்லின் மேல்தான் நின்றது.

"கடலோரத்துல பொறந்தவ சார் நான்" என்றது அந்தப் பெண், நானும் டீச்சரும் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போனபோது. "அங்க ஒரு நாளும் வீட்டுக்குள்ள கடல் வந்ததில்ல. இங்க வந்துதான் பாத்தேன். அவரு பத்து வருசம் ஓட்டுன காசு இது. இந்த மழைக்கும் உள்ள வந்துச்சுன்னா வித்துட்டு மாமியா வீட்டுக்கே போயிருவேன்."

"மழ வந்தா விக்கிறேங்கிற. போர்ட இப்பவே ஏம்மா மாட்டுன?" என்றேன்.

"மழைக்கு முன்னால காட்டுனாத்தான சார் விக்கும்? எனக்கும் அப்புடித்தான வித்தாக?"

வெளியே வந்து தெருவைப் பார்த்தோம். தண்ணீர் ஏன் நிற்கிறது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வண்டியை உள்ளே ஏற்ற வாசலில் போடுகிற சரிவு, எல்லோரும் ராம்ப் என்பது, எங்கள் தெருவில் மொத்தம் ஒன்பது. ஒன்று தவிர எல்லாம் ஓரத்து வாய்க்காலை அடைத்துக்கொண்டு தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. சபீனா வீட்டை ஒட்டி, பள்ளத்து முனையில் இருப்பது மாவு மில் அடைக்கலத்தின் ராம்ப். அதுதான் தடுப்பணை. அதைத் தாண்டிவிட்டால் தண்ணீர் சிறுபாலத்துக்குள் நுழைந்து, என் வீட்டு வாசல் வழியாக வாரி ஓடைக்குப் போய்விடும். மற்றவர்களிடம் கேட்டோம். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "அடைக்கலத்த ஒடைக்கச் சொல்லுங்க, மறுநாளே நாங்க ஒடைக்கிறோம்."

அடைக்கலம் மில் வாசலில் முகமெல்லாம் மாவாக நின்றிருந்தார்.

"ஓவர்சியரே, ஒங்க யூனியன் போட்ட ரோடு ரெண்டு மழைக்குத் தாங்கல. என் ராம்ப்பு மூணு வருசமா ஒரு விரிசல் விடல. பழைய மில்லுக் கல்லையே உள்ள வச்சுக் கட்டுனது. எதைய ஒடைக்கணும்னு நீங்களே நாயமாச் சொல்லுங்க."

"அடியில ஒரு குழாய் போக ஓட்டையாவது போடலாமே?"

"ஓட்டைன்னாலும் ஒடைச்சதுதான்" என்றபடி அவர் மனைவி வள்ளிக்கண்ணு உள்ளிருந்து வந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். மருமக மாசமா இருக்கு. வீட்டுல ஒரு கல்லு பேக்கக் கூடாது."

"ராம்ப்பு தெருவுலல்ல இருக்கு. வீட்டுல எங்கம்மா இருக்கு?"

அடைக்கலத்துக்குப் பரம சந்தோஷம். "அப்ப அது எங்க வீடு இல்லேன்னா, அத ஒடைக்க எங்களை எதுக்குக் கேக்குறீங்க?"

நான் சட்டப் பிரிவுகளை ஆரம்பித்தேன். இரண்டு விசில். நிறுத்தினேன்.

வள்ளிக்கண்ணு தாழ்ந்த குரலில் டீச்சரிடம்தான் பேசினார். "முந்துன தடவ செப்டிக் டேங்கு தோண்டுனோம் டீச்சர். நான் வேணாம் வேணாம்னேன், இவுக கேக்கல. நாலாம் மாசம் தங்காமப் போச்சு. டாக்டரு அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லேங்கிறாரு. இருக்கட்டும். அந்தப் புள்ள மூணு மாசம் யாருகிட்டயும் பேசல. இந்தத் தடவ நான் எதையும் தொட விடமாட்டேன்."

அடைக்கலம் தலையைக் குனிந்து கையில் இருந்த மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளறை ஜன்னலில் அந்த மருமகள் கௌசல்யா நின்றிருந்தாள். கணவன் சிங்கப்பூரில். நான் நீட்டிவைத்திருந்த டேப்பைச் சத்தம் வராமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

இனி பேச ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். டீச்சர் நகரவில்லை.

"ஏழாம் மாசம் என்னைக்குப் பொறக்குது?"

"ஐப்பசி பொறந்தா ஏழு."

"வளைகாப்பு?"

"சம்பந்தி வீட்டுல ஒம்பதுல போடலாம்னாக."

"ஏழுல போட்டா என்ன? வளைகாப்பு முடிஞ்சு தாய் வீட்டுக்குப் போயிருச்சுன்னா, அதுக்கப்புறம் இந்த வீட்டுல கல்லு பேக்கலாமா, கூடாதா?"

வள்ளிக்கண்ணு யோசித்தார். அடைக்கலம் யோசித்தார். "அது போனப்பறம் என்ன இருக்கு?" என்றார் வள்ளிக்கண்ணு கடைசியில். "தாராளமாப் பேக்கலாம்."

அங்கேயே கொடும்பாளூருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்கள். கௌசல்யாவின் அம்மா பேசினார்.

"எம்மகளக் கூட்டியார எனக்கு ஆசையில்லையா? மாடிக்குக் கான்கிரீட்டு போட முட்டுக் குடுத்துருக்கு. வீடு பூராச் சவுக்குக் கம்பு. குனிஞ்சு போயி குனிஞ்சு வாரோம். வேலை நடக்குற வீட்டுக்கு மாசமா இருக்க புள்ளைய எப்புடிக் கூட்டியாருவேன்? அங்கிட்டுக் கல்லு பேக்கக் கூடாதுன்னா, இங்கிட்டுக் கல்லு வைக்கவும் கூடாதுல்ல?"

"எப்ப முடியும்?"

"தையில."

மழை தை வரை காத்திருக்காது. அப்படியானால் கௌசல்யாவுக்கு வேலை நடக்காத ஒரு வீடு வேண்டும் என்றார் டீச்சர். நகரில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தோம். ஒருவர் மாடி எடுக்கிறார், ஒருவர் காம்பவுண்டு கட்டுகிறார், ஒருவர் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுகிறார். டீச்சர் வீட்டிலேயே குளியலறை இடித்துக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்த பார்வதி, கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"எங்க வீட்டுல எந்த வேலையும் நடக்கல. பதினாலு வருசமா நடக்கல. ஒரு ஆணி அடிக்க விட்டதில்ல இவுக. வெள்ளையடிச்சாக்கூடச் செலவுன்னு தடுத்துருவாக."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சிக்கனத்தை ஒரு கூட்டமே மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆனா அது தாய் வீடு ஆகுமா?" என்றார் வள்ளிக்கண்ணு.

"அவுக அம்மாவும் வந்து கூட இருக்கட்டும். நான் பொடவ எடுத்துக் குடுத்து மகளாக் கூட்டிக்கிறேன். ரெண்டும் பயலுகளாப் போச்சு எனக்கு. ஒன்னு சென்னையில, ஒன்னு ஓசூர்ல. ஆகாதாங்க?"

வள்ளிக்கண்ணு சிறுபாலத்தைப் பார்த்தார். பாலத்துக்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு, அந்தப் பக்கம் எங்கள் வீடு. "பாலத்தத் தாண்டுதுல்ல. ஆகும்" என்றார்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். இரண்டு விசில்.

பெண் வீட்டார் என்றால் வளைகாப்புச் செலவு பெண் வீட்டாருடையது. இது எனக்கு ஜவுளிக்கடையில்தான் உறைத்தது. நான்தான் பெண் வீட்டார். ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஏழு வகைச் சாதம். நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தேன். டீச்சர் நகர் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி விசில் ஊதி அழைத்திருக்கிறார். பந்தியில் நூற்றுப் பன்னிரண்டு இலை. ஒரே தெருவில் இருந்துகொண்டு பேஸ்மட்டச் சண்டையில் பேசாமல் இருந்த நான்கு வீட்டார் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். இடம் இல்லை, வேறு வழி இல்லை. டீச்சர் பாயசம் ஊற்றும் நேரம் பார்த்து ஒவ்வொரு ராம்ப்காரரிடமும், "நாளைக்குக் காலைல கடப்பாரையோட வாரீங்க" என்றார். வாயில் பாயசத்தோடு மறுக்க யாராலும் முடியவில்லை.

சபீனாவும் வந்து வளையல் போட்டுச் சந்தனம் பூசினாள். கௌசல்யா அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"என்னம்மா கேக்குது?" என்றாள் பார்வதி.

"ஏழு சாதமும் எறங்கலையாம் பெரியம்மா. கருவாட்டுக் கொழம்பு இருந்தாத் தேவலையாம். எங்க ஊருலேருந்து வந்தது வீட்டுல இருக்கு. இந்தா வாரேன்."

சாயங்காலம் ஊர்வலமாகப் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள் கௌசல்யா. அவளுடைய அம்மா ஒரு பை, இரண்டு தலையணையோடு பின்னால் வந்தார். வாசலில் பார்வதி ஆரத்தி எடுத்தாள். அந்தத் தட்டில் கூட நான்தான் காசு போட வேண்டியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் என்பதால் ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். முதல் அடியை அடைக்கலமே போட்டார். நாலாவது அடியில் மில் கல் முழுசாக வெளியே வந்தது. அதைத் துடைத்துத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு அடுத்த வீடு, அடுத்த வீடு. மத்தியானத்துக்குள் எட்டு ராம்ப் உடைந்து, வாய்க்கால் கோடு போட்டது போலத் தெரிந்தது. ஒன்பதாவது என்னுடையது. அடியில் ஆறு அங்குலக் குழாய் வைத்து முறைப்படி நான் கட்டியது. அதனால் அவசியம் இல்லைதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தேன். எட்டு வீட்டாரும் பின்னால் வந்தார்கள்.

பார்வதி கேட்டில் நின்றாள்.

"நில்லுங்க. வீட்டுல மாசமா இருக்க புள்ள இருக்கு."

பின்னாலிருந்து அடைக்கலத்தின் குரல் வந்தது.

"ஏன் ஓவர்சியரே, ஒங்க ராம்ப்பு தெருவுலல்ல இருக்கு. வீட்டுல எங்க இருக்கு?"

தெருவே சிரித்தது. நான் அவர் சொன்னதை நியாயம் என்றுதான் நினைத்தேன். பார்வதியும் வள்ளிக்கண்ணுவும் கௌசல்யாவின் அம்மாவும் மூன்று பேராக நின்று இல்லை என்றார்கள். கடப்பாரையைக் கீழே வைத்தேன். டீச்சர் மூன்று விசில் ஊதினார். எல்லோரும் டீ குடித்தார்கள்.

ஐப்பசி இருபதாம் தேதி மழை பிடித்தது. விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை விடாமல் அடித்தது. சபீனா வாசலில் விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஏறினால் தள்ளத் தயாராக நின்றிருக்கிறாள். ஏறவில்லை. ஓடியது. அடைக்கலம் வீட்டைத் தாண்டி, பாலத்துக்குள் நுழைந்து, பதினான்கு வருடத்தில் முதல்முறையாகத் தெருத் தண்ணீர் மொத்தமும் என் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஆறு அங்குலக் குழாய் நான் கணக்குப் போட்டது சுத்தமான தண்ணீருக்கு. வந்தது எட்டு ராம்ப்பின் மண்ணும், வாழை மட்டையும், ஒரு ரப்பர் செருப்பும். குழாய் அடைத்துக்கொண்டது. முற்றத்தில் முழங்கால் தண்ணீர். பள்ளத்தில் வைத்திருந்த மோட்டார் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது.

குடையை ஒரு கையிலும் மூங்கில் கம்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு குழாயைக் குத்தினேன். வாசற்படியில் கௌசல்யா வந்து நின்றாள்.

"அப்பா, மெதுவாக் குத்துங்க. ஒடைஞ்சுறப் போகுது."

அப்பா என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் மெதுவாகக் குத்தினேன்.

தகவல் பரவிவிட்டது. மழை விட்டதும் நகரே பார்க்க வந்தது. மொத்த நகரிலும் தண்ணீர் நின்ற ஒரே வீடு பால் காய்ச்சுற கமிட்டி ஓவர்சியர் வீடு. அடைக்கலம் மில்லிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிவந்து தண்ணீரை இறைத்தார். அப்போது சபீனா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள்.

"சார், எங்க வீட்டுல ஒரு போர்டு சும்மாக் கெடக்கு. ஒங்களுக்கு வேணுமா?"

எடுத்து நீட்டினாள். வீடு விற்பனைக்கு. பார்வதி சிரித்து நான் பார்த்திருக்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து அன்றுதான் பார்த்தேன். போர்டை வாங்கி, மோட்டாருக்கு மேல் மழைத் தட்டியாக வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. சபீனா வீட்டு ஃபிரிட்ஜ் தரையில் இறங்கிவிட்டது. அந்த ஆறு செங்கல்லும் எங்கள் வீட்டுப் பீரோவுக்கு அடியில் இருக்கின்றன.

தையில் கௌசல்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரசு மருத்துவமனையில் நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணோட அப்பா யாரு?" என்று கேட்டதும், நான் எழுந்து நின்றேன். சிங்கப்பூரிலிருந்து அடைக்கலத்தின் மகன் போனில் அழுதான். ஓசூரிலிருந்து என் சின்ன மகன் போன் செய்தான்.

"அப்பா, புள்ளைக்குத் தாய்மாமன் அரைஞாண் போடணும்னு அம்மா சொல்றாங்க. நான் எப்பப்பா மாமன் ஆனேன்?"

"ராம்ப்ப ஒடைக்கையில" என்றேன்.

"அப்ப காசு?"

"அது நான் பாத்துக்கிறேன். நீ மாமனா மட்டும் இரு."

பங்குனியில் வள்ளிக்கண்ணு வந்து மருமகளையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு போனார். கொடும்பாளூர் மாடி எப்போதோ முடிந்திருந்தது; ஆனால் தொட்டில் எங்கள் வீட்டில் தொங்கியதால் அங்கே போகும் பேச்சே வரவில்லை. அவர்கள் பாலத்தைத் தாண்டிய மறுநாள் காலை, அடைக்கலம் கடப்பாரையோடு வந்து என் ராம்ப்பில் முதல் அடியைப் போட்டார். சந்தோஷமாகத்தான் போட்டார். நான் எண்ணினேன், மனதுக்குள். இருபத்தாறு அடியில் முடிந்தது. அன்று மாலையே பார்வதி வெள்ளையடிக்க ஆளை வரச் சொல்லிவிட்டாள். பேத்தி வந்து போகிற வீடாம். அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. சுண்ணாம்பு மட்டும் வாங்கியிருக்கிறது.

தம்பி கார்த்திக், இனி உங்கள் கட்டத்தை நிரப்பிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்த ஆறு பேரும் இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லா வீட்டுக்கும் இவ்வளவு ஆகாது என்று ஒரு குறிப்பும் போடுங்கள். ஏழு வகைச் சாதம், வளையல், புடவை, ஆரத்தித் தட்டு, மோட்டார் ரிப்பேர், மருத்துவமனை ஆட்டோ, தொட்டில், வெள்ளி அரைஞாண், கடைசியில் என் ராம்ப்பின் கப்பியை அள்ளிய கூலி வரை எல்லாம் சேர்த்து, காதுகுத்துக்குப் போட வேண்டிய தோடு நீங்கலாக, ரூபாய் நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று ஐம்பது.